பிள்ளைகளுக்கு அஞ்சிய மைதானம்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் செம்பொத்தை நடுநிலைப் பள்ளிக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். பெற்றோர் முப்பத்தொரு பேர். எட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்திருந்தார்கள். தாளாளர் வைகுண்டம், அவருடைய குடை, குடையைப் பிடிக்க வந்த டிரைவர். தலைமையாசிரியர் ஒருவர். உடற்கல்வி ஆசிரியை ஜெபக்கனி, கழுத்தில் விசிலோடு. சத்துணவு சமைக்கும் பேச்சித்தாய், அவளுடைய சோற்று அண்டா, அண்டாவின் மூடி. யார் வீட்டு நாய் என்று தெரியாத ஒரு நாய். மைதானம் ஒன்று.

மைதானத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அன்றைய விவகாரமே அதைப் பற்றியதுதான்.

அந்த மைதானம் பிள்ளைகளைக் கண்டால் பின்வாங்கும். பெரியவர்கள் நடந்தால் கருங்கல் போல் நிற்கும். பிள்ளை கால் வைத்தால் மட்டும், வைத்த இடத்தில் மண் ஒரு சாண் கீழே இறங்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் மேலே வரப் பார்க்கும், முழுதாக வராது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போனதில், மைதானம் தெருவைவிட இடுப்பளவு தாழ்ந்துவிட்டது. ஐப்பசியில் தண்ணீர் நின்றது. தவளைகளைக் கண்டு அது பின்வாங்கியதில்லை.

செம்பொத்தையில் பிள்ளை விழுந்தால் தரையை அடிப்பது வழக்கம். "எங்க ராசாத்திய விழத்தட்டினியா? இந்தா, வாங்கிக்கோ" என்று ஒரு போடு போட்டால்தான் பிள்ளை அழுகையை நிறுத்தும். பெரியவர்கள் விழுந்தால் யாரும் தரையை அடிப்பதில்லை, விழுந்தவரைத்தான் ஏசுவார்கள். முன்பெல்லாம் அவரவர் வீட்டு வாசலையே அடித்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்குள் சிமெண்டு வந்தது, டைல்ஸ் வந்தது, தெருவுக்குத் தார் வந்தது. அவை உணர்ச்சியில்லாத தரைகள். அடித்தால் அடித்தவன் கைதான் வீங்கும். ஊரில் மண்ணாக மிஞ்சியது பள்ளி மைதானம் ஒன்றுதான். ஆகையால் பிள்ளை எங்கே விழுந்தாலும், கட்டிலிலிருந்து விழுந்தாலும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும், இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்தை அடித்துவிட்டுப் போனார்கள். லீவு நாட்களில் வருகிறவர்களுக்காகக் கேட்டைப் பூட்டுவதில்லை. மைதானம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. திருப்பி ஒன்றும் செய்ததில்லை. பின்வாங்கியது, அவ்வளவுதான்.

ஜெபக்கனி டீச்சர் ஆனி மாதம் மாற்றலாகி வந்தாள். பாறையில் ஒரு பள்ளி, தேரிமணலில் ஒரு பள்ளி, மொட்டை மாடியில் ஒரு பள்ளி என்று ஏற்கெனவே பல தரைகளைப் பார்த்தவள். முதல் நாள் விசில் ஊதியதும் பிள்ளைகள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். இல்லாத படிக்கட்டில் இறங்குகிறவர்களைப் போல, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். பத்து வயதாகியும் குதிக்கத் தெரியவில்லை. சாக்கடையைத் தாண்ட ஆள் தூக்கிவிட வேண்டும். பந்தைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் வாங்கினார்கள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தின் நடுவில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தலைமையாசிரியரிடம் போனாள்.

"மைதானத்துல குறையில்ல சார். பிள்ளைககிட்டயும் குறையில்ல. ரெண்டு பேரும் பழகல."

"இத்தனை வருசமா பழகாததா இப்ப பழகப் போவுது?" என்றார் தலைமையாசிரியர்.

"பழக்கணும் சார்."

பிள்ளைகளில் முப்பிடாதி தனி. மற்றவர்களுக்கு ஒரு சாண் இறங்கும் மண், அவளுக்கு ஒரு முழம் இறங்கும். அவள் அப்பா சுடலைமுத்து கொத்தனார். முப்பிடாதி பதினோராம் மாதத்தில் முதல் அடி எடுத்து வைத்து, முதல் தடவை விழுந்தபோது, அவர் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். கையில் தரை இறுக்கும் கட்டை இருந்தது. அப்படியே மைதானத்துக்கு வந்து கட்டையால் ஒரு போடு போட்டார். மைதானம் மற்றதை மறந்தாலும் அதை மறக்கவில்லை. அன்றிலிருந்து முப்பிடாதி அப்பா தோளில் ஏறித்தான் பள்ளிக்கு வந்தாள். வகுப்பு வாசலில் நேராகப் பெஞ்சில் இறக்கிவிடுவார். பத்து வயதுப் பெண்ணைச் சுமந்து அவருக்கு இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

தாளாளர் வைகுண்டம் ஆடி பிறந்ததும் வந்தார். மைதானத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக ஓடாத மைதானம் என்னத்துக்கு டீச்சர்? ஒம்பது வேன் வெயில்ல கெடக்கு. சிமெண்டு போட்டு வேன நிறுத்திரலாம். வேன் விழுகவா போவுது?"

"எப்ப சார் போடுதீக?"

"ஆடியில எவனாவது வேல தொடங்குவானா? ஆவணி மொதத் திங்கக்கிழமை."

"அதுக்கு முந்தின சனிக்கிழமை அஞ்சாம் வகுப்பு மொத்தமும் ஆளுக்கு ஒரு சுத்து ஓடிட்டா?"

"மொத்தமும்னா, கொத்தனார் மகளுமா?"

"அவளுந்தான்."

தாளாளர் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். டிரைவரும் சம்பளத்துக்குத் தக்கபடி சிரித்தார். "சரி, ஓட்டுங்க. ஒரு ஆள் கொறஞ்சாலும் சிமெண்டுதான்" என்றார் தாளாளர்.

"அவள விட்டுட்டு மத்ததுகள ஓட்டுதேன்னு சொல்லியிருக்கலாம்லா" என்றார் தலைமையாசிரியர், கார் போன பிறகு.

"அவள விட்டுட்டு ஓட்டுறதுக்கு வேனையே நிறுத்திரலாம் சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் விசிலை ஊதினாள்.

ஒற்றைக் காலில் நிற்பதிலிருந்து அவள் தொடங்கினாள். ஒரு நேரத்தில் ஒரு கால்தான் கீழே இருக்கும். மைதானமும் ஒரு காலைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். பிள்ளைகள் கொக்கு போல நின்றார்கள், சாய்ந்தார்கள், மறுபடி நின்றார்கள். நிற்கத் தெரிந்ததும் நொண்டி. "ஓடுறதுன்னா என்னமோ ஏதோன்னு நெனைக்காதீங்க. கால மாத்தி மாத்தி நொண்டி அடிக்கிறதுக்குப் பேருதான் ஓட்டம்" என்றாள். பிறகு பெஞ்சின்மேல் ஏற்றிக் குதிக்கச் சொன்னாள். முதலில் விரல், பிறகு முழங்கால் மடங்க வேண்டும், குதிகால் கடைசியில்.

"திருடன் சுவரேறிக் குதிக்கிற மாதிரிடே. சத்தம் கேட்டா மாட்டிக்கிடுவ."

சத்தமில்லாமல் வந்து இறங்கும் பாதத்தை மைதானத்துக்குப் பிடித்திருந்தது. திடுக்கிட அதற்குக் காரணம் இல்லை. பத்து நாளில் ஒரு சாண் நான்கு விரற்கடையாயிற்று.

கடைசியாக விழக் கற்றுக்கொடுத்தாள். கையை விறைத்து ஊன்றாமல், தோளைக் கொடுத்து, தேங்காய் உருளுவது போல் உருண்டு எழுந்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசை ஆசையாக விழுந்தார்கள். சாயங்காலம் சட்டையில் மண்ணைப் பார்த்த பெற்றோர்கள் நேராகப் பள்ளிக்கு வந்து, விழுகை ஒன்றுக்கு அடி ஒன்று என்று பாக்கியில்லாமல் மைதானத்தை அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை மண் பழையபடி ஒரு சாண் இறங்கியது.

டீச்சர் அன்றே பெற்றோருக்கு ஆள் விட்டாள்.

"பிள்ளைகளுக்குப் பயிற்சி முடிஞ்சுது. இனிமே உங்களுக்கு."

வராந்தாவில் உட்காரவைத்து ஆளுக்கொரு பூசணிக்காயைக் கொடுத்தாள். பூசணிக்காயை உருட்டிவிட வேண்டும். படியிலிருந்து அது விழும்போது கை எழக் கூடாது. முதல் நாள் முக்கால்வாசிப் பேருக்கு எழுந்தது. பூசணிக்காய் பழகியதும் உரித்த முட்டை. அதன் பிறகு சிலர் நாத்தனார் பிள்ளைகளைக் கூட்டிவந்து விழவைத்துப் பழகினார்கள். கை அசையவே இல்லை.

"அது கணக்குல சேராது" என்றாள் டீச்சர்.

சொந்தப் பிள்ளை விழுந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கையைக் கட்டுப்படுத்திவிடலாம், ஆனால் எழுந்த அடி கையிலேயே தங்கிவிட்டது. தேங்காய் மூடி கனம் இருக்கும். அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை, ஊக்கு மாட்ட முடியவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால், ராத்திரி வீட்டுப்பாடத்தின்போது அது பிள்ளை முதுகில் போய் இறங்கியது. ஒரு நாள் நான்கு வீட்டில் அப்படி இறங்கியது. மறுநாள் டீச்சர் சமையல்கூடத்துக்குப் போனாள்.

"பேச்சித்தாயக்கா, ஒரு அண்டா வேணும். மூடியோட."

"என்னத்துக்கு?"

"போடாத அடியப் போட்டு வைக்க."

பேச்சித்தாய் யோசித்தாள். "சாம்பார் அண்டா தர மாட்டேன். உறைப்பு ஏறிரும். சோத்து அண்டாவ எடுத்துக்கோங்க. கழுவித் தந்துரணும்."

அண்டா வராந்தாப் படியில் வந்து உட்கார்ந்தது. கை எழுந்தவர்கள் வரிசையில் வந்து அண்டாவுக்குள் கையை உதறிவிட்டுப் போனார்கள். 'சொத்' என்று ஒரு சத்தம் கேட்கும். மூடிவைத்தால் கெடாமல் இருந்தது.

சுடலைமுத்து மட்டும் பயிற்சிக்கு வந்து ஓரமாக நின்றார். பூசணிக்காயை விழவைத்தார், கை எழவில்லை. முட்டையை விழவைத்தார், எழவில்லை. மகளைத் தோளிலிருந்து இறக்கச் சொன்னதும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"டீச்சர், என் கையி எனக்குத் தெரியும். செங்கல்ல ஒரே போடுல ரெண்டாக்குத கையி. அது என்னையக் கேட்டுக்கிட்டு எந்திரிக்காது."

"எந்திரிக்கட்டும் அண்ணாச்சி. எறங்காமப் பாத்துக்கிடுங்க. அவள எப்ப எறக்குதீக?"

"தோளு நல்லாத்தான இருக்கு."

"தோளு உங்களுக்கு நல்லாருக்கு. அவளுக்குக் காலு இருக்குல்லா."

முப்பிடாதி மேலேயிருந்து அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக் குதிரையைப் போலச் சுண்டினாள். அவர் இறக்கிவிட்டார். அதன் பிறகு ஆடி முடியும் வரை தினமும் அவள் ஒரு முழப் பள்ளத்துக்குள் ஒற்றைக் காலில் நின்று பழகினாள், நொண்டி அடித்துப் பழகினாள். பள்ளம் முக்கால் முழமாயிற்று. அதற்குமேல் மைதானம் இறங்கிவரவில்லை, அதாவது, ஏறிவரவில்லை.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. கேட்டுக்கு வெளியே சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரி நின்றது. திங்கட்கிழமைக்கு அது முன்கூட்டியே வந்துவிட்டிருந்தது. சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளையாக ஓட வேண்டும். டீச்சர் பெயரைச் சொல்லி விசில் ஊதினாள்.

பிள்ளைகள் ஓடினார்கள். கால் வைத்த இடத்தில் மண் இரண்டு விரற்கடை இறங்கிப் பிறகு நின்றது. விழுந்தவர்கள் உருண்டு எழுந்து ஓடினார்கள். ஒவ்வொரு விழுகைக்கும் பெற்றோர் பக்கத்தில் ஒரு கை எழுந்தது, அண்டா 'சொத்' என்றது. கொழுத்த பையன் ஒருவன் ஐந்து தடவை விழுந்து ஐந்து தடவை எழுந்தான். அவன் அம்மா ஐந்தாவது தடவை அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "எத்தன தடவடே நடக்க வைப்ப என்னைய?" என்றாள். இருபத்திரண்டு பிள்ளைகள் சுற்றி முடித்தபோது அண்டாவில் நாற்பத்தாறு இருந்தது.

"முப்பிடாதி" என்றாள் டீச்சர்.

சுடலைமுத்து மகளைத் தோளிலிருந்து கோட்டருகே இறக்கினார். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு லாரிக்காரரிடம் என்னவோ சைகை காட்டினார்.

முப்பிடாதி முதல் காலை வைத்ததும் மண் முக்கால் முழம் இறங்கியது. விழுந்தாள். உருண்டாள். எழுந்தாள். சுடலைமுத்துவின் வலது கை தலைக்குமேல் போயிருந்தது. அவர் அதை இடது கையால் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அண்டாவில் உதறினார். அண்டா ஒரு சாண் நகர்ந்தது.

"அம்மாடி, அடுப்பு மேல வச்சிருந்தா கவுந்திருக்கும்" என்றாள் பேச்சித்தாய்.

பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு முப்பிடாதி ஓடினாள். மற்றவர்களுக்குத் தரையில் ஓடுவது, அவளுக்கு நாற்காலி ஏறி இறங்கி ஓடுவது போல. கொடிக்கம்பத்து வளைவில் மறுபடி விழுந்தாள். அண்டாவில் நாற்பத்தெட்டு ஆயிற்று. முடிவுக் கோட்டுக்கு ஏழெட்டுக் காலடி இருக்கும்போது மூன்றாவது தடவை விழுந்தாள். இந்தத் தடவை உருளவில்லை. முழங்கால் நேராகப் போய்ச் சரளையில் குத்தியது. ரத்தம் வந்தது.

சுடலைமுத்து அண்டா பக்கம் போகவில்லை. மைதானத்துக்குள் ஓடினார். மகளருகே மண்டியிட்டபோது அவருடைய வலது கை கொடிக்கம்பம் போல நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் மைதானம் அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு உள்ளே போயிற்று. பெரியவர் ஒருவர் காலின்கீழ் அது இறங்கியது அன்றுதான். மேலே நின்றவர்களுக்கு, பள்ளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது.

தாளாளர் குடையை விரித்தார். "முடிஞ்சுதா டீச்சர்?"

"இன்னும் இல்ல சார்" என்றாள் ஜெபக்கனி டீச்சர். விசிலைக் கையிலிருந்து விட்டுவிட்டுப் பள்ளத்தின் விளிம்புக்குப் போனாள். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. அந்தக் கையை அவள் எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தன்னுடைய இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

உள்ளே முப்பிடாதி அழுகையை நிறுத்த ஒரு அடிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நேரம் முழங்காலைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"ஏப்பா, அடிக்காத."

"உன்னைய விழத்தட்டிருச்சேட்டி."

"அது ஒண்ணும் தட்டல. நாந்தான் விழுந்தேன்."

"நீயா?"

"நாந்தான். காலத் திருடன் மாதிரி வைக்காம கொத்தனார் மாதிரி வச்சிட்டேன்."

சுடலைமுத்து வலது கையை மேலேயே நிறுத்திக்கொண்டு, சும்மா இருந்த இடது கையைக் கொண்டுபோய் மண்ணின்மேல் வைத்தார். தட்டவில்லை, தடவவில்லை, வைத்தார். காய்ச்சல் பிள்ளை நெற்றியில் வைப்பது போல. மண் துடித்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அதுவும் நகரவில்லை.

பிறகு மைதானம் எழுந்தது. படுத்திருந்த யானை பாகனையும் சுமந்துகொண்டு எழுவது போல, முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அப்பாவும் மகளும் மேலே வந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் நின்ற டீச்சரும் மேலே வந்தாள். கொடிக்கம்பமும் வந்தது. தெருமட்டத்துக்கு வந்ததும் மைதானம் நின்றது.

முப்பிடாதியின் வலது முழங்கால் மடங்கவில்லை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு இடது காலால் நொண்டி அடித்தாள். ஒன்று, இரண்டு என்று பிள்ளைகள் கூடவே எண்ணினார்கள். காலின்கீழ் ஒரு நூல்கூட இறங்கவில்லை. எட்டாவது நொண்டியில் கோட்டைத் தாண்டினாள்.

"ஓடணும்லா சொன்னீங்க" என்றார் தாளாளர். "இது நொண்டி."

"கால மாத்தி மாத்தி நொண்டி அடிக்கிறதுதான் சார் ஓட்டம். அவ மாத்தாம ஓடினா" என்றாள் டீச்சர்.

தாளாளர் மைதானத்தைக் குடை நுனியால் குத்திப் பார்த்தார். உறுதியாக இருந்தது. "அப்ப இவ்வளவு சிமெண்ட என்ன செய்ய?" என்று பொதுவாகக் கேட்டார்.

"மூட்டையப் பிரிக்கலேன்னா கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிடுவான் மொதலாளி" என்றார் சுடலைமுத்து, அண்டாவை நோக்கி நடந்தபடி. அவர் கையிலிருந்தது இறங்க நேரம் பிடித்தது. மூன்று தடவை உதறிய பிறகுதான் விழுந்தது. நாற்பத்தொன்பது.

லாரி திரும்பிப் போனது. அடிகளை ராத்திரிக்குள் செலவழித்துவிடுவது நல்லது என்றாள் டீச்சர். ஒரு கைக்கு ஒன்று என்று இரண்டு இரண்டாக எடுத்து, ஓடிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைதட்டு தட்டினார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒரு அம்மாவோ அப்பாவோ வந்து, அண்டாவில் இரண்டு கையையும் விட்டு எடுத்து, ஒரே ஒரு தட்டுத் தட்டினார்கள். ஒவ்வொன்றும் வெடிச் சத்தம் போல் கேட்டது. நாத்தனார் பிள்ளைக்குக்கூட ஒன்று தட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். கணக்கு இடிக்கும் என்று விட்டுவிட்டார்கள். முப்பிடாதிக்குச் சுடலைமுத்து தட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மைதானத்துக்கு?" என்று கேட்டாள் முப்பிடாதி.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் அண்டாவில் கையை விட்டு இரண்டு எடுத்து, மைதானத்தைப் பார்த்து நின்று தட்டினாள்.

தலைமையாசிரியர் குனிந்து உள்ளே பார்த்தார். "ஒண்ணு மிஞ்சுதே டீச்சர். ஒரு கை தட்டினா ஓசை வராதுல்லா."

"மூடி வைங்க சார். திங்கக்கிழமை பி.டி. பீரியடு இருக்கு. யாராவது விழுவாங்க."

பேச்சித்தாய் அதற்கு முகத்தைச் சுளித்தாள். திங்கட்கிழமை சோற்றைச் சாம்பார் அண்டாவில் வடித்துக்கொள்வதாகப் பிறகு ஒப்புக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பினார்கள். பிள்ளைகள் நடந்தே போனார்கள். வேன்கள் பின்னால் காலியாக ஊர்ந்து போயின. சுடலைமுத்து இரண்டு தோளும் சமமாக, மகளின் புத்தகப் பையை மட்டும் மாட்டிக்கொண்டு போனார். மைதானமும் அவர்களோடு போயிற்று. முப்பிடாதியின் வீடு ஊர்க் கோடியில், வாய்க்கால் பாலத்துக்கு அப்பால். அவ்வளவு தூரம் போய் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனது.

ஜெபக்கனி டீச்சர் கேட்டருகே உட்கார்ந்திருந்தாள். இனி லீவு நாளிலும் கேட்டைப் பூட்டலாம், ஆனால் மைதானம் திரும்பி வந்த பிறகுதான் முடியும். நாய் அவள் காலடியில் படுத்திருந்தது. பிள்ளைகள் இல்லை, பெற்றோர் இல்லை, தாளாளரும் குடையும் இல்லை, மைதானம் இன்னும் வரவில்லை. அவள் ஒரு தடவை எழுந்து போய் அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடினாள்.

மீதி ஒன்று.